பயிற்சிக்குக் காசு கட்டினால் வீட்டிலிருந்தே வேலை என்கிறார்கள், நம்பலாமா?

கொட்டாஞ்சேனை வாசகி:
வணக்கம். தங்கச்சிக்கு இரண்டு இடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஒன்று டேட்டா என்ட்ரி. சூமில் மூன்று வாரப் பயிற்சி, கட்டணம் 38,500 ரூபா, முடித்தால் வேலை உறுதியாம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 5,000 கழிவு. மற்றது வீட்டிலிருந்து ஊதுபத்தி பக்கெட் பண்ணும் வேலை. பொருளுக்கு 25,000 ரூபா வைப்பு, பக்கெட்டுக்கு 6 ரூபா கூலி. இரண்டு பக்கமும் கம்பனிப் பதிவுச் சான்றிதழைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அது போதுமா?

வெள்ளவத்தை கணக்காளர்:
போதாது. அந்தப் பெயரில் ஒரு கம்பனி இருக்கிறது என்பதை மட்டும்தான் பதிவு சொல்லும். நேர்மையானவர்களா, வேலை தருவார்களா என்று சோதித்துவிட்டு யாரும் பதிவதில்லை. ஆனாலும் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரை அடித்துப் பாருங்கள், படத்தில் உள்ள இலக்கத்தை யாரும் மாற்றிவிடலாம். பிறகு காசு கட்டச் சொல்லும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பனிப் பெயர் இல்லாமல் தனியாளின் சேமிப்புக் கணக்கு என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஒன்லைனில் அனுப்பும் காசு நொடிகளில் போய்விடும், நாங்கள் சொன்னதற்காக வங்கி அதைத் திருப்பி எடுத்துத் தராது.

“வேலை உறுதி” என்றால் என்ன வேலை என்று எழுத்தில் கேளுங்கள். சம்பள வேலை என்றால் நியமனக் கடிதம் வேண்டும், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் கட்ட வேண்டும். அவர்களின் ஈ.பி.எப். இலக்கத்தைக் கேட்டதும் பேச்சு மாறினால், சொன்னது சம்பள வேலை இல்லை. செய்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் துண்டு வேலை என்றாலும் பிழையில்லை, ஆனால் மாதம் குறைந்தது எவ்வளவு தருவார்கள், எந்தத் திகதியில் காசு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்:
பயிற்சி நிலையத்துக்குத் தனிப் பதிவு இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் அதைச் செய்கிறது. அலுவலகம் நாரஹேன்பிட்டியில், எல்விட்டிகல மாவத்தை ‘நிபுணதா பியச’வில். நேரில் போயும் விசாரிக்கலாம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்: நிலையம் பதிவாகியிருப்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் தருவோம் என்றால், இந்தப் பாடநெறிக்கு எத்தனையாம் மட்டத்தில் அங்கீகாரம் இருக்கிறது என்று கேளுங்கள். “சர்வதேசச் சான்றிதழ்” என்ற வெறும் சொல்லுக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

அரச தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டா என்ற அரச தொழில் பயிலுநர் பயிற்சி நிறுவனத்திலும் கணினிப் பாடநெறிகள் இருக்கின்றன. முதலில் அங்கே கட்டணத்தைக் கேட்டுவிட்டு 38,500ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். டேட்டா என்ட்ரிக்குத் தேவை பிழையில்லாத தட்டச்சு வேகமும் எக்ஸெலும்தான்.

இன்னொன்று, “கட்டணத்தை முதல் மூன்று மாதக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். கையில் வேலை உள்ளவர் பேரம் பேசுவார். கட்டணமே வருமானம் என்று இருப்பவர் வெள்ளிக்கிழமையைத்தான் திரும்பத் திரும்ப நினைவூட்டுவார்.

பொதியிடல் தொழில் செய்பவர்:
ஊதுபத்திக் கணக்கை முதலில் போடுங்கள். எண்ணி, உறையில் இட்டு, சீல் போட ஒரு பக்கெட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் மணிக்கு 40 பக்கெட், 240 ரூபா. 25,000 ரூபா வைப்புக்குச் சமமாக உழைக்கவே ஏறக்குறைய 104 மணித்தியாலம் போகும், அதுவும் ஒரு பக்கெட்டும் கழிவாகாமல்.

கழிவில்தான் சிக்கல். சீல் மெஷினில் சூடு கூடினால் உறை சுருங்கி விளிம்பு நெளியும், குறைந்தால் இழுத்ததும் பிரியும். பத்தித்தூள் உறையின் வாயில் ஒட்டியிருந்தால் சூடு சரியாக இருந்தாலும் ஒட்டாது, துணியால் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஏமாற்ற நினைப்பவர் ஆயிரம் பக்கெட்டில் முந்நூறை “சீல் சரியில்லை” என்று தள்ளி, பொருள் நட்டத்தை வைப்பில் வெட்டுவார். எது கழிவு என்பதை எழுதி, கையொப்பமிட்ட மாதிரிப் பக்கெட் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். பொருள் எடுக்கும்போது தராசில் நிறுத்து, எடையைப் பற்றுச்சீட்டில் போடச் சொல்லுங்கள். வேலையை விட்டால் எத்தனை நாளில் வைப்பு திரும்பும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். முதலில் 100 பக்கெட்டுக்கு வைப்பில்லாமல் பொருள் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி:
மிக்க நன்றி. டேட்டா என்ட்ரிக்காரரிடம் கட்டணத்தைக் கழிக்கச் சொல்லிக் கேட்டேன். அது முடியாதாம், ஆனால் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கட்டணம் திரும்ப வருமாம்.

வெள்ளவத்தை கணக்காளர்:
அப்படியென்றால் ஒரு சதமும் கட்டாதீர்கள், யாரையும் சேர்க்கவும் வேண்டாம். ஆள் சேர்ப்பதில்தான் பெரும்பாலும் காசு வரும் என்றால் அது பிரமிட் திட்டம், வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது. தொடங்கியவர் மட்டுமல்ல, அதை ஊக்குவித்து ஆள் பிடிப்பவரும் குற்றவாளிதான். மத்திய வங்கியின் 1935க்கு அழைத்துச் சொல்லுங்கள். “சம்பளம் போட” என்று தங்கச்சியின் வங்கி அட்டையையோ ஓ.டி.பி.யையோ கேட்டாலும் கொடுக்க வேண்டாம், அந்தக் கணக்கில் வேறொருவரின் திருட்டுக் காசு வந்து போனால் பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரைத்தான்.

ஏற்கெனவே ஏதும் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கிக் கிளைக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவர்களை இப்போதே புளொக் பண்ண வேண்டாம், முதலில் வட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, கணக்கு இலக்கம் தெரியும் ஸ்கிரீன்ஷொட்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.