காலை ஸ்டார்ட்டில் குலுக்கல், வானத்தில் ஒருமுறை: செஸ்னா 172எம், கார்ப் ஐஸா வேறு ஏதாவதா?

கோவைக்காற்று:
வணக்கம். ஒன்டாரியோவில் மூணு பேர் சேர்ந்து 1976 செஸ்னா 172எம் ஒண்ணு வச்சிருக்கோம். இன்ஜின் லைகாமிங் ஓ-320-இ2டி, 150 குதிரைத்திறன். மூணு வாரமா காலையில முதல் ஸ்டார்ட்ல ஒரு சிலிண்டர் செத்துப்போன மாதிரி விமானமே குலுங்குது. ரெண்டு நிமிஷத்துல தானா அடங்கிடும். 1700 ஆர்.பி.எம்-ல மேக்னெட்டோவை (பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்குறது, ரெண்டு இருக்கு) ஒண்ணொண்ணா செக் பண்ணினா இடது 75, வலது 90தான் இறங்குது. கையேடு 125 வரைக்கும் அனுமதிக்குது. அதனால விட்டுட்டோம்.

போன சனிக்கிழமை 9 டிகிரி, ஈரக்காத்து. ஏறும்போது 2200 அடியில திடீர்னு பலமான குலுக்கல். 2400-ல இருந்த ஆர்.பி.எம் 2150 ஆயிடுச்சு. கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காத்தை விடுற பிடி) முழுசா இழுத்தேன். பதினஞ்சு விநாடியில சரியாச்சு, உடனே திரும்பி வந்து இறங்கிட்டேன். கை நடுங்க ஆரம்பிச்சது இறங்கின பிறகுதான்.

கார்ப் ஐஸ்தான்னு, அதாவது கார்புரேட்டருக்குள்ள பனி படிஞ்சிருச்சுன்னு, கூட்டாளி சொல்றார். இந்த ஞாயிறு என் பொண்ணை ஏத்திக்கிட்டு ஏரிக்கு மேல நயாகரா போறதா இருந்தோம். போகலாமா?

மேகக்கரை:
9 டிகிரி ஈரக்காத்து ஐஸுக்குத் தோதானதுதான். வெயில் நாள்ல கூட வரும், கார்புரேட்டர் கழுத்துல குளிர்ச்சி அவ்வளவு. ஆனா ஒண்ணு சொல்லுங்க. ஹீட் இழுத்ததும் இன்னும் மோசமாகி, அப்புறம் ஆர்.பி.எம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிச்சா? ஹீட்டைத் தள்ளினப்போ எவ்வளவு காட்டிச்சு?

கோவைக்காற்று:
இழுத்ததும் லேசா இறங்கிச்சு. அப்புறம் ஏதோ விடுபட்ட மாதிரி பட்டுனு சரியாச்சு. ஹீட்டைத் தள்ளினா அதே 2400.

லைகாமிங்_அண்ணன்:
தம்பி, ஞாயிறுப் பயணத்தை விடுங்கோ. நான் இஞ்ச ஏ.எம்.ஈ, விமானப் பராமரிப்புப் பொறியாளர். இந்த இன்ஜின்களைக் கழட்டிப் பூட்டுறதுதான் என்ர தொழில்.

ஐஸ் எண்டால் மெல்ல மெல்லத்தான் கழுத்தை நெரிக்கும். புரொப்பெல்லர் இதழின்ர கோணம் மாறாத ஃபிக்ஸ்ட் பிட்ச் விமானத்தில ஆர்.பி.எம் உங்களுக்குத் தெரியாமலே வடியும். ஹீட் போட்டால் உருகின தண்ணி உள்ள போய் முதல்ல இன்னும் இருமும், பிறகு ஏறும். உங்கட இன்ஜின் ஒரே அடியா குலுங்கி, ஒரே அடியா விட்டிருக்கு. அதோட, காலையில ஸ்டார்ட் பண்ணேக்க வாற குலுக்கலுக்கு ஐஸ் காரணமே இல்லை.

இது எக்ஸாஸ்ட் வால்வு ஒட்டுறது. மெக்கானிக்மார் இதைக் காலைச் சுகவீனம் எண்டுதான் சொல்லுவினம். வால்வின்ர தண்டு போய்வாற கைடுக்குள்ள கரியும் ஈயமும் படிஞ்சு இடைவெளி அடைபடும். குளிர்ல பிடிச்சுக்கொள்ளும், சூடு ஏற விடும். இ2டி 80 ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின். இப்ப ஊத்துற 100எல்எல்-ல ஈயம் அதைவிட நாலு மடங்கு வரைக்கும் இருக்கலாம். அதனாலதான் இந்த மாடலில இது கூட.

மேக்னெட்டோ செக் நல்லா இருந்தது ஆறுதல் இல்லை. அது பிளக்கையும் மேக்னெட்டோவையும்தான் சொல்லும். அந்த நேரம் சூடேறி வால்வு விட்டிருக்கும். சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குதோ எண்டு பார்க்கிற கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் இதில ஏமாத்தும். முழுசா மூடினபடி ஒட்டினால், வால்வைத் திறக்கத் தள்ளுற புஷ்ராட் கம்பி வளையும், அதோட சிலிண்டர் போகும்.

விமானத்தின்ர பதிவேடான ஜர்னி லாக்கில இண்டைக்கே எழுதுங்கோ. எழுதிவிட்டால் கூட்டாளிமார் தெரியாமல் கொண்டுபோக மாட்டினம். உங்கட ஏ.எம்.ஈயிட்ட லைகாமிங் சர்வீஸ் புல்லட்டின் 388 பார்க்கச் சொல்லுங்கோ. கைடைத் துப்புரவாக்கிற முறை லைகாமிங் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1425-ல இருக்கு, சிலிண்டரைக் கழட்டாமலே செய்யலாம். எந்த சிலிண்டர் எண்டு பிடிக்க, குளிர்ல ஸ்டார்ட் பண்ணிக் குலுங்கேக்கயே நிப்பாட்டி, சூடேறாத எக்ஸாஸ்ட் குழாய் எது எண்டு அவர் பார்ப்பார். நீங்கள் புரொப்பெல்லரைத் தொடாதேங்கோ. சாவி ஆஃப்-ல இருந்தாலும் மேக்னெட்டோவின்ர எர்த் வயர் அறுந்திருந்தால் அது உயிரோடதான் இருக்கும்.

மேகக்கரை:
அண்ணா சொல்றது பொருந்துது. ஏரி பத்தி ஒண்ணு: 172-ல ஆயிரம் அடிக்கு ஒண்ணரை கடல் மைல் சறுக்கலாம். 3000 அடியில நின்னா நாலரை மைல். நடு ஏரியிலிருந்து எந்தக் கரையும் அதுக்குள்ள இல்ல.

கோவைக்காற்று:
அதைப் படிச்சதும் வயித்தைப் பிசைஞ்சிடுச்சு. பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அழுதா. லாக்கில எழுதியாச்சு. பறக்கும்போது திரும்ப வந்திருந்தா நான் என்ன செஞ்சிருக்கணும்?

லைகாமிங்_அண்ணன்:
முதல்ல மூக்கை இறக்கி 65 நாட். இறங்க ஒரு இடத்தைக் கண்ணில வைச்சுக்கொண்டு அதுக்குத் திருப்புங்கோ. பிறகுதான் கை: கார்ப் ஹீட், டேங்க் 'போத்' (ரெண்டு டேங்கும்), மிக்ஸ்சர் (பெட்ரோல்-காத்துக் கலவை), மேக்னெட்டோ இடது வலது. ஹீட் போட்டு முதல்ல மோசமானாலும் உடனே தள்ளிப்போடாதேங்கோ. அரைகுறையா ஓடினாலும் அந்த சக்தியை நம்பித் தூரம் போகாமல், உயரத்தோட ஏரோட்ரோமுக்கு மேல வந்து சுத்தி இறங்குங்கோ. ரேடியோவில பான்-பான் எண்ட அவசர அழைப்பைச் சொல்ல வெக்கப்படாதேங்கோ. நீங்கள் திரும்பி வந்தது சரியான வேலை.

கோவைக்காற்று (பதினொரு நாள் கழித்து):
மூணாவது சிலிண்டர். வால்வு தண்டு கைடுக்குள்ள கையால தள்ளினாக்கூட நகரலையாம். ரீமர் (துளையைச் சுரண்டுற கருவி) விட்டு எடுத்த கரியை ஏ.எம்.ஈ ஒரு துணியில வச்சுக் காட்டினார், கருப்பா, கல்லு மாதிரி. மத்த மூணையும் பார்க்கச் சொல்லிட்டோம், ரெண்டாவதும் இறுக்கமாத்தான் இருந்துச்சு. புஷ்ராட் எதுவும் வளையல. இன்னைக்குக் காலையில 4 டிகிரி. ஸ்டார்ட் பண்ணதும் சீரா ஓடிச்சு. நாளைக்கு நான் மட்டும், ஏரோட்ரோமுக்கு மேலயே ஒரு மணி நேரம் சுத்தப்போறேன். டாக்ஸி பண்ணும்போது மிக்ஸ்சரை நல்லா லீன் பண்ணணும், அதாவது பெட்ரோலைக் குறைக்கணும்னும் அவர் சொல்லியிருக்கார். அண்ணா, ரொம்ப நன்றி.