கரையான் எந்த மரத்தைத் தேடி வருகிறது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எங்கள் வீட்டு பாத்ரூம் கதவு நிலையின் அடிப்பக்கம் எப்போதும் ஈரம் ஊறியே கிடக்கும், விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். கரையான் மண்பாதை போட்டு ஏறியது சரியாக அங்கேதான். அதே மரத்தில் செய்த ஹால் நிலை நாலடி தள்ளி இருக்கிறது, அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மருந்தடிக்க வந்தவர் "ஈரத்துக்கு வருது சார்" என்று முடித்துவிட்டார். வெறும் ஈரம்தானா?

---

ஈரம் மட்டும் இல்லைங்க, ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சையும்தான். மரத்தைப் பழுப்பாக மக்கவைக்கும் குளோயோஃபில்லம் டிராபியம் என்று ஒன்று உண்டு. அது பிடித்த மரத்தின் சாறு கரையானை இழுக்கிறது என்று அமெரிக்காவில் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 1961லேயே எழுதிவிட்டார்கள். 1968ல் டோடெக்காட்ரையினால் என்ற ஆல்கஹாலை அந்த மரத்திலிருந்தும் பிரித்தெடுத்தார்கள், கரையான் உடம்பிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். வேலைக்காரக் கரையானுக்குக் கண் தெரியாது, வயிற்றடிச் சுரப்பியால் தரையில் தடம் போட்டுக்கொண்டே போகும், பின்னால் வருவது அதை மோப்பம் பிடித்து வரும். அந்தத் தடத்தில் இருப்பதும் இதே பொருள்தான், அதனால் மக்கிய மரம் அதற்குத் தன் கூட்டம் போன வழி மாதிரியே தெரிகிறது! ஆனால் எல்லாப் பூஞ்சையும் இப்படி இல்லை, சிலதைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும்.

நான் அமெரிக்காவில் படித்தபோது ஆய்வக வகுப்பில் காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கரையானை விடச் சொன்னார்கள். விட்டால் கோட்டை விட்டு விலகாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. மையில் கரைப்பானாகச் சேர்க்கும் 2-ஃபினாக்ஸி எத்தனால்தான் காரணம். அது இல்லாத பேனா என்றால் கண்டுகொள்ளாது. உங்கள் நிலைக்கு, முதலில் கசிவை நிறுத்துங்கள், மக்கிய பகுதியை வெட்டி எடுங்கள், மருந்து அப்புறம்.

---

நீங்கள் எல்லாம் விரட்டப் பார்க்கிறீர்கள், நாங்கள் காசு செலவில்லாமல் வரவழைத்துக்கொண்டிருக்கிறோம் :) நாட்டுக்கோழிக் குஞ்சுக்குக் கரையான் மாதிரி தீனி கிடையாது. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, இத்துப்போன மட்டை, கட்டை எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் செம்மண் தரையில் கவிழ்த்து வைப்போம். விடிந்து எடுத்தால் பானைக்குள் மொய்த்திருக்கும். ஆசாரி பட்டறையில் இருந்து புது மரச்சீவல் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன், அதற்கு அவ்வளவாக வரவில்லை, இத்துப்போன தென்னை மட்டைக்குத்தான் கூட்டம். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும்.