கிரேட் ஸ்லேவ் ஏரிப் பக்கம் போனவர்கள், யாரைச் சந்தித்தீர்கள்?

நானே ஆரம்பிக்கிறேன். இரண்டு குளிர்காலம் யெல்லோநைஃபில் வேலை பார்த்தேன். கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களுக்குத் தலைநகர், ஏரியின் வடகரையில் இருக்கிறது. ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைக்காதீர்கள், ஆழமே 614 மீட்டர், வட அமெரிக்காவில் இதுதான் அதிகம். யெல்லோநைஃப் இருக்கும் விரிகுடாவின் எதிர்க்கரையில் டெட்டா என்ற டெனே பழங்குடியினர் ஊர். தரைவழியே சுற்றிப் போனால் 27 கி.மீ., குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேலேயே ஐஸ் ரோடு போடுவார்கள், அதில் 6 சொச்சம்தான். முதல் நாள் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், உடைந்தால் நீந்தி வந்துவிடுவேனாம், மைனஸ் 30 டிகிரியில்!

பாதி வழியில் ஒரு டெனே பெரியவர் ஐஸில் துளை போட்டுக்கொண்டிருந்தார். வலையை ஐஸுக்கு அடியில் எப்படி விரிப்பது என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம், நிறுத்திக் கேட்டேன். கயிறு கட்டிய நீளப் பலகை ஒன்றைத் துளைக்குள் விட்டார், அது மிதந்து ஐஸின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது, கயிற்றைச் சுண்டச் சுண்ட அதிலுள்ள நெம்புகோல் ஐஸை உந்திப் பலகையை முன்னே தள்ளுகிறது. டொக் டொக் என்று சத்தம் வரும், என் வேலை அதைக் கேட்டுக்கொண்டே மேலே நடப்பது. சத்தம் நின்ற இடத்தில் இரண்டாவது துளை. கயிறு அந்தப் பக்கம் வந்துவிட்டால் வலையைக் கட்டி இழுக்க வேண்டியதுதான். முந்தைய வலையில் விழுந்த வொயிட்ஃபிஷ் ஒன்றைக் கையில் கொடுத்தார், கார் போய்ச் சேருவதற்குள் கல்லாகிவிட்டது.

மறுமொழி: நான் தென்கரையில், ஹே ரிவர் என்ற ஊரில் இருந்தேன். அங்கிருந்து யெல்லோநைஃபுக்குச் சாலையில் போக, ஏரியிலிருந்து புறப்படும் மெக்கன்சி ஆற்றைத் தாண்ட வேண்டும், அதன் மேல் 2012 நவம்பரில்தான் பாலம் வந்தது. அதற்கு முன் கோடையில் படகு, குளிரில் ஐஸ் ரோடு, ஐஸ் உருகும் சில வாரங்கள் இரண்டும் கிடையாது. அப்போது யெல்லோநைஃப் கடைகளுக்குக் காய்கறி ஆகாய வழியாகத்தான் வருமாம், விலையைக் கேட்டால் தலை சுற்றும் என்று ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார்.

மறுமொழி: ஏரியின் பெயரில் 'ஸ்லேவ்' (அடிமை) என்று இருப்பதைப் பார்த்து அடிமை வியாபாரம் நடந்த இடமோ என்று நினைத்தேன். அப்படியில்லை, கிரீ என்ற இன்னொரு பழங்குடி மக்கள் இங்குள்ள டெனேக்களை இளக்காரமாக அழைத்த சொல்லை வெள்ளைக்காரர்கள் மொழிபெயர்த்து ஏரிக்கே வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த டெனே அம்மா 'தூச்சோ' என்றுதான் சொல்வார், பெரிய தண்ணீர் என்று பொருள். அது சரி, அந்த மீனை என்ன செய்தீர்கள்?

மறுமொழி: குழம்புதான். புளி கிடைக்கவில்லை, தக்காளியை வைத்துச் சமாளித்தேன்.