டைமிங் லைட் ஒன்று சொல்லுது, வண்டி வேறொன்று சொல்லுது

மார்க்ஃபோர் மதுரை

அம்பாசிடர் மார்க் 4. வீட்டு வாசலில் வைத்தே டைமிங் (பிளக்கில் ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பது) வைத்தேன், அதிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்குகிற பாயிண்ட் புதுசு, கண்டென்சர் புதுசு, பாயிண்ட் கேப் (திறக்கும்போது இருக்கிற இடைவெளி) பதினஞ்சு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினஞ்சு. புல்லியில் இருக்கிற வெட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைத்து, டைமிங் லைட்டின் (ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னுகிற லைட்) கிளிப்பை ஒண்ணாம் நம்பர் பிளக் ஒயரில் மாட்டி, புத்தகத்தில் போட்டிருக்கிற டிகிரிக்குக் கச்சிதமாகக் கொண்டுவந்தாகிவிட்டது. குறி ஆடாமல் அசையாமல் நின்றது.

ஆனால் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் தேர்டில் இழுக்கவே இல்லை. செகண்டுக்கு வந்து முக்கி முனகி ஏறியது. டெம்பரேச்சர் முள்ளும் மேலே போய்விட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஒரு காலத்தில் லாரி மெக்கானிக். வந்தார், லைட்டைப் பார்த்துச் சிரித்தார், "அதை உள்ளே வைங்க தம்பி" என்றார். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஓடுகிற இன்ஜினிலேயே, ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு விரலால் நகர்த்தினார். இன்னொரு கை ஆக்ஸிலேட்டர் ராடில். தலையைச் சாய்த்துக் கேட்டார், நகர்த்தினார், மறுபடி கேட்டார், ஒரு மயிரிழை பின்னால் விட்டார். "இப்ப பேசுது பாருங்க."

நிஜமாகவே பேசியது. அதே மலையில் தேர்டிலேயே ஏறுகிறது, நாக்கிங் (ஸ்பார்க் முந்திப்போய் இன்ஜின் டக்டக்கென்று அடிப்பது) துளிகூட இல்லை. வீட்டுக்கு வந்து சும்மா லைட்டை மாட்டிப் பார்த்தால், வெள்ளைக் குறி டைமிங் கவரில் இருக்கிற முள்ளையெல்லாம் தாண்டி எங்கோ வெளியே நிற்கிறது. புத்தகம் தப்பா, லைட் தப்பா, பெரியவர் தப்பா? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

சேலத்துக்காரன்

உங்களுக்குக் குறி தாண்டியது. எங்களுக்குக் கைப்பிடி தாண்டியது.

அப்பாவின் மார்க் 2. பக்கத்து வீட்டு மாமா ஒருத்தர் "பிக்கப் வரும்" என்று சொல்லி டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கிற சின்ன குமிழை 'ஏ' (அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க் சீக்கிரம் விழுகிற) பக்கமாகத் திருகிக்கொண்டே போயிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியாது. மறுநாள் காலை பேட்டரி டவுன். ஹேண்டில் போட்டு ஒரு சுற்றுதான் சுற்றினார். படீர் என்று ஒரு சத்தம், இரும்புக் கைப்பிடி எதிர்த் திசையில் திரும்பி அவர் கையை உதறிவிட்டது. பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு முன்பே ஸ்பார்க் விழுந்தால் அது கீழே தள்ளத்தானே செய்யும்.

அப்பா எப்போதும் கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்துத்தான் ஹேண்டில் பிடிப்பார். அதனால் கை வழுக்கி வெளியே வந்தது. கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு போயிருக்கும். அந்த மாமா திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே "இன்ஜின் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு, பாருங்க" என்றார். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

பாயிண்ட்செட்

மார்க்ஃபோர் சார், காதால் டைமிங் வைப்பது திறமை, மறுக்கவில்லை. ஆனால் காதுக்குக் கேட்பது நாக்கிங் மட்டும்தான். கேட்கிற அளவுக்கு வருவதற்கு முன்பே, முழு வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடும்போது, பிஸ்டன் அடி வாங்கிக்கொண்டிருக்கலாம். எங்கள் ஊரில் ஒருத்தர் அப்படித்தான் ஓட்டி பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்தது. அது தனிக்கதை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் கேப், பிறகுதான் டைமிங். கேப்பைப் பெரிதாக்கினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாக முன்னால் போய்விடும். டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் முதலிலிருந்து எல்லாம் மறுபடி. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற வேக்கம் குழாயைக் கழற்றி வாயை அடைத்தீர்களா? ஐட்லிங்கை நன்றாக இறக்கினீர்களா? இறக்காவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே இருக்கிற எடைக்கட்டிகள் வேகத்தில் விரிந்து அட்வான்ஸ் சேர்ந்துவிடும், லைட் காட்டுவது அந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

அம்பாசிடரில் மேலிருந்து பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற ரோட்டார் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். அதனால் பாடியை வலது பக்கம் திருப்பினால் அட்வான்ஸ், இடது பக்கம் ரிட்டார்ட் (தாமதம்). பிளக் ஒயர் வரிசை (சிலிண்டர்கள் எரிகிற வரிசை) 1-3-4-2, அதுவும் எதிர்ச் சுற்றாக. இதில் குழம்பி ஒயரை மாற்றி மாட்டிவிட்டு "டைமிங் போச்சு" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

லைட் இல்லாதவர்களுக்கு: ஒரு 12 வோல்ட் பல்பு போதும். ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து சின்ன டெர்மினலில், இன்னொன்று பாடியில். சாவி ஆன். இன்ஜினைக் கையால் குறிக்குக் கொண்டுவந்து டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்புங்கள். பாயிண்ட் திறக்கிற நொடியில் பல்பு எரியும், அங்கேயே இறுக்குங்கள். இன்னொன்று, லைட் வெளிச்சத்தில் ஃபேன் சில நேரம் நின்றுவிட்டது போலவே தெரியும். நிற்கவில்லை. கையை விட்டால் விரல் இருக்காது.

புத்தகம் எழுதிய காலத்துப் பெட்ரோலும் வேறு. இன்று பங்கில் வருவது 91 ஆக்டேனுக்குக் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) குறையாதது, எத்தனால் வேறு கலந்தது. ஒன்றிரண்டு டிகிரி கூட வைத்தால் தாங்கும். முள்ளையெல்லாம் தாண்டிப் போவதற்கு அது காரணம் இல்லை.

ஒரே ஒரு கேள்வி: லைட்டைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் குறி நகருகிறதா?

கொக்குவில் பெடியன்

நாக்கிங் எண்டு எல்லாரும் சொல்லுறியள். நாங்கள் அந்தச் சத்தத்தோடையே வளர்ந்த ஆக்கள்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் கண்ணால் காண ஏலாது, கிடைச்சாலும் நெருப்பு விலை. மாமாவின் ஒஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயில்தான் ஓடினது. தொடக்கத்துக்கு மட்டும் சின்னப் போத்தலில் வைச்சிருந்த பெற்றோலை கார்புரேட்டருக்குள் ரெண்டு துளி விடுவார். எஞ்சின் பிடிச்சு சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். பின்னால் வெள்ளைப் புகை, ஒழுங்கை முழுக்க அந்த மணம்.

மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகக் குறைவு. பெற்றோலுக்கு வைச்ச டைமிங்கில் விட்டால் எஞ்சின் தகர டப்பாவுக்குள் கல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம் போடும். அதால் எல்லாரும் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துத்தான் வைச்சவை. மாமா இரவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் செய்வார். ரோர்ச் பற்றரிக்கும் தடை. டாஷ்போர்ட் பல்பு ஒண்டைக் கழற்றி, பாயிண்ட்செட் அண்ணை சொன்ன மாதிரியேதான் ஒயர் குடுப்பார். பல்பு மினுங்கினதும் "பிடி, பிடி" எண்டு கத்துவார், நான் டிஸ்ட்ரிபியூட்டரை அமத்திப் பிடிக்க அவர் இறுக்குவார்.

2002இல் பாதை திறந்து பெற்றோல் தாராளமாய் வந்தது. மாமா டைமிங்கை மாத்தவே இல்லை. வண்டி இழுவையில்லாமல் சூடாகிக்கொண்டே ஓடினது. "முன்னுக்குக் கொண்டு வாங்கோவன்" எண்டு எத்தனையோ தரம் சொல்லியாச்சு. "கிடக்கட்டும், எப்ப என்ன நடக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்" எண்டு விட்டிட்டார்.

எண்ணூறு சிசி

பாயிண்ட்செட், உங்கள் பாடம் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாம் அம்பாசிடர் கதை. மாருதி 800 கார்புரேட்டர் வண்டியில் புல்லியைப் பார்த்து ஒன்றும் ஆகாது. குறி இருப்பது ஃபிளைவீலில். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் லைட் அடித்துத் தலையை நுழைத்துப் பார்க்க வேண்டும். மூணு சிலிண்டர், 1-3-2.

நான் கேஸ் கிட் போட்டு ஓட்டியவன். எல்பிஜிக்கு ஆக்டேன் 100க்கு மேல், அட்வான்ஸ் நன்றாகத் தாங்கும். கேஸுக்குச் சரியாக வைத்தால் பெட்ரோலுக்கு மாற்றியதும் மேட்டில் டிக்டிக் என்று அடிக்கும். பெட்ரோலுக்கு வைத்தால் கேஸில் இழுவையே இருக்காது. பல்லாவரம் மேம்பாலத்தில் கேஸ் தீர்ந்து, பெட்ரோலுக்கு மாற்றியதும் அடித்த சத்தத்தில் முன்னால் பைக்கில் போனவர் திரும்பிப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் காலத்தை ஓட்டினேன். இதற்கு எந்தப் புத்தகத்தில் டிகிரி போட்டிருக்கிறது, சொல்லுங்கள்?

பாயிண்ட்செட்

நான் அம்பாசிடர்காரருக்குப் பதில் சொன்னேன், அதனால் அம்பாசிடர் கதை. கேஸ் கிட்டுக்கு நடுவில் வைப்பது தப்பு என்று எங்கே சொன்னேன்?

மார்க்ஃபோர் மதுரை

பாயிண்ட்செட் சார் கேட்டதைச் செய்து பார்த்தேன். வேக்கம் குழாயை அடைத்து, ஐட்லிங்கை அணையப்போகிற அளவுக்கு இறக்கி லைட் அடித்தேன். பிறகு மெதுவாக ஆக்ஸிலேட்டர். குறி கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது. வேகத்துக்கு ஏற்ப நகரவே இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டாரைச் சுற்றுகிற திசையில் திருகி விட்டுப் பார்த்தேன். பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை, தொளதொளவென்று நின்றது. பாயிண்ட் தட்டைக் கழற்றினால் அடியில் எடைக்கட்டியின் ஸ்பிரிங் ஒன்று அறுந்து கிடக்கிறது, இன்னொன்று இழுபட்டு நீண்டுபோயிருக்கிறது. எடைக்கட்டிகள் ஐட்லிங்கிலேயே முழுக்க விரிந்துவிடுகின்றன. ஆக, நான் புத்தகப்படி வைத்தபோது லைட் காட்டியதே முழு அட்வான்ஸ்தான், அதற்கு மேல் ஏற இடமில்லை. மலையில் இழுக்காமல் போனது அதனால்தான். பெரியவர் அந்தக் குறையையும் சேர்த்துக் காதாலேயே ஈடுகட்டியிருக்கிறார்.

அவரிடம் போய் ஸ்பிரிங்கைக் காட்டினேன். "அதான் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது செல்ஃப் முக்குச்சு, நான்தான் சொன்னேனே" என்றார். சொல்லவே இல்லை!

சேலத்துக்காரன்

செல்ஃப் முக்குகிறது என்றால் தயவுசெய்து ஹேண்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பாயிண்ட்செட்

ஸ்பிரிங் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். பல டிஸ்ட்ரிபியூட்டரில் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மெல்லிசு, இன்னொன்று தடித்தது, கொஞ்சம் லூசாகவே மாட்டியிருக்கும். அது பழுது என்று நினைத்துக் கடைக்காரர் ஒரே ஜோடியாக இரண்டைக் கொடுப்பார், வாங்காதீர்கள். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை முழுசாக வாங்கிப் பிரிப்பது நல்லது. அப்படியே ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்குகிற வளையம்) தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் போட்டும் பிரயோஜனம் இல்லை. போட்ட பிறகு மறக்காமல் லைட் வைத்துப் புதிதாக டைமிங் வையுங்கள். பெரியவர் வைத்த இடம் அறுந்த ஸ்பிரிங்குக்கு வைத்தது.

எண்ணூறு சிசி

மார்க்ஃபோர், ஸ்பிரிங் போட்ட பிறகு அந்தப் பெரியவரையும் கூப்பிட்டுக் காதால் வைக்கச் சொல்லுங்கள். லைட்டில் எத்தனை டிகிரி வருகிறது என்று இங்கே போடுங்கள்.