இராப்பாடி ஆனது அக்காவா, தங்கையா?

ஊர்சுற்றி:
கிரேக்கப் புராணத்தில் தீரியஸ் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திரேஸ் நாட்டு அரசன் தீரியஸ், மனைவி புரொக்னியின் தங்கை ஃபிலோமெலாவைக் கெடுத்து, நாக்கை அறுத்து அடைத்துவைக்கிறான். அவள் நடந்ததைத் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்புகிறாள். அக்கா பெற்ற மகன் இடிஸையே கொன்று, சமைத்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். கடைசியில் மூவரும் பறவையாகிறார்கள். இராப்பாடி (நைட்டிங்கேல்) ஆனது புரொக்னி என்கிறார்கள் சிலர், ஃபிலோமெலா என்கிறார்கள் சிலர். எது சரி?

கொண்டலாத்தி:
கிரேக்கர்களிடம் பெரும்பாலும் அக்காதான் இராப்பாடி, தங்கை தகைவிலான் (ஸ்வாலோ). ரோமானியர்களில் பலர் மாற்றிவிட்டார்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் 'மெட்டமார்போசஸ்' காவியத்தின் 6ஆம் புத்தகத்தில் நழுவிவிடுகிறார்: ஒருத்தி காட்டுக்குப் பறந்தாள், இன்னொருத்தி கூரைக்குள் புகுந்தாள், மார்பில் இரத்தக்கறை. அவ்வளவுதான்.

என் ஓட்டு கிரேக்கர்களுக்கே. நாக்கறுந்தவள் எப்படி இரவெல்லாம் பாடுவாள்? கீச்சுக்கீச்சென்று எதையோ சொல்ல வருகிற தகைவிலான்தான் அவளுக்குப் பொருத்தம். தொண்டையில் செம்பழுப்பு வேறு. "இடிஸ், இடிஸ்" என்று அழ வேண்டியவள் பெற்றவள். ஹோமரின் ஒடிஸி காவியம் 19ஆம் காண்டத்தில் நாயகனின் மனைவி பெனலோப்பி சொல்லும் இராப்பாடியும் மகனைக் கொன்ற தாய்தான், பெயர்கள்தான் வேறு. (நிஜத்தில் இரவில் பாடுவது ஆண் பறவை. அதை யார் கேட்டார்கள்!)

தீரியஸ் கொண்டலாத்தி ஆனான். தலையில் கொண்டை, வாள் மாதிரி அலகு. என் புனைபெயர் அவனால் வந்ததில்லை, சாமி! கி.மு. 414இல் அரிஸ்டோபனீஸ் எழுதிய 'பறவைகள்' நாடகத்தில் இவன் இராப்பாடி மனைவியோடு கொஞ்சிக் குலாவுகிறான். கொலையையும் கறியையும் யாரும் வாயே திறப்பதில்லை.

மலைக்காடு:
அப்போ கிரேக்கர்கள் பறவைகளை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள் போல, அண்ணா?

கொண்டலாத்தி:
எல்லா இடத்திலும் இல்லை, தம்பி. கைவினைஞன் டெடலஸ் பொறாமையில் தன் சகோதரி மகனை ஏதென்ஸ் கோட்டைமலையிலிருந்து தள்ளிவிட, அதீனா தேவி அவனைக் கவுதாரியாக்கினாள். அதனால்தான் கவுதாரி உயரத்துக்கு அஞ்சித் தரையிலேயே முட்டையிடுகிறதாம். சரி, ஒத்துக்கொள்ளலாம். அல்சியோனி கதைதான் சொதப்பல். கணவன் கடலில் மூழ்க, இருவரும் மீன்கொத்தி ஆகிறார்கள். குளிர்காலத்தில் அலைமேல் கூடு மிதக்கும், அவள் அடைகாக்கும் ஏழு நாளும் காற்றடிக்காது என்கிறார் ஓவிட். மீன்கொத்தி கரைமண்ணில் வளை தோண்டி, வசந்தத்திலும் கோடையிலும் முட்டையிடுகிற பறவை.

ஊர்சுற்றி:
நன்றி சார். கிரேக்க வீரன் மெலியாகரின் சகோதரிகள் கினிக்கோழி ஆன கதைக்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.