புதுப்பிப்பு: பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' டேக்குகள் – அசலா, ஒட்டா?

ரசிகர்களிடையே கைமாறி வரும் இந்தப் பாட்டின் டேக் 7 பிரதி உண்மையான ஸ்டுடியோ டேக்கா (டேக் என்றால் ஸ்டுடியோவில் பாட்டைப் பதிந்த ஒவ்வொரு முயற்சி), வெளியான பாட்டின் வேகத்தை மாற்றிச் செய்ததா என்பதுதான் முந்தைய இழையின் கேள்வி. காதாலேயே பிடித்துவிடலாம்.

வெளியான பாட்டு இரண்டு டேக்குகளின் ஒட்டு. சுமார் 60 நொடி வரை டேக் 7, அதன்பின் டேக் 26. இரண்டின் வேகமும் சுருதியும் வேறு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் 1966 டிசம்பரில் முதலாவதைச் சற்றே கூட்டி, இரண்டாவதைக் குறைத்துச் சேர்த்தார்கள். டிரம்பெட்டும் செல்லோவும் டேக் 26-க்கு உரியவை. உங்கள் பிரதியில் முதல் நிமிடம் தாண்டியதும் செல்லோ நுழைந்தால் அது டேக் 7 அல்ல. டேக் 1 இன்னும் சுலபம்: பல்லவி இல்லாமல் நேராகச் சரணத்தில் தொடங்கும். என்ன அழகான தொடக்கம் அது!

வேகம் பிசகிய பிரதிகளுக்கு: ஸ்பெக்ட்ரத்தில் (ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் படம்) மின்சார இரைச்சலைத் தேடுங்கள். பிரிட்டனில் அது 50 ஹெர்ட்ஸ். 52-இல் நின்றால் டேப் 4% வேகமாக ஓடியிருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' (பழைய பதிப்புகளில் 'சேஞ்ச் ஸ்பீட்') போய் -3.85% கொடுங்கள். 'சேஞ்ச் பிட்ச்' வேண்டாம், தாளம் தப்பாகவே நிற்கும். ஆனால் ஒன்று: பதிவின்போதே வேண்டுமென்று வேகம் மாற்றிய டிராக்கில் இரைச்சலும் கூடவே நகர்ந்திருக்கும். அங்கே இந்த அளவுகோல் செல்லாது.

ஒப்பிட, 2017-இல் வந்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தின் சூப்பர் டீலக்ஸ் தொகுப்பில் டேக் 1, 4, 7, 26 நான்கும் உள்ளன.