அண்ணனுக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை: மருத்துவர் ஆராய்ச்சிக்கும் ஒப்புதல் கேட்கிறார், கையெழுத்திடலாமா?

கேள்வி: கோத்தகிரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் கோத்தகிரிக்கு அருகே தேயிலை பயிரிடும் சிறு விவசாயி. மதுப் பழக்கம் இல்லாதவர். ஆனால் பல ஆண்டுகளாக இருந்த சர்க்கரை நோயும் கல்லீரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்து இப்போது கல்லீரல் சுருக்க நோயில் கொண்டுவந்து நிறுத்தியுள்ளன. வயிற்றில் நீர் கோத்து, இரத்த வாந்தியும் எடுத்த பிறகு, மாற்றுக் கல்லீரல் பொருத்துவது ஒன்றே வழி என்று கோயம்புத்தூர் மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். வீட்டில் எவருடைய கல்லீரலும் பொருந்தவில்லை என்பதால், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கொடையாகப் பெறுவதற்கு அரசின் காத்திருப்போர் பட்டியலில் பதிவு செய்திருக்கிறோம்.

அறுவை மருத்துவர் மீது எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. அவர் ஆராய்ச்சியும் செய்பவர் என்பது சென்ற முறை சென்றபோதுதான் தெரிந்தது. எங்களிடம் இரண்டு படிவங்களைக் கொடுத்தார்கள். அகற்றப்படும் பழைய கல்லீரலின் ஒரு பகுதியையும் இரத்த மாதிரியையும் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்பது முதலாவது. கொடையாகக் கிடைக்கும் கல்லீரலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பதற்குப் பதிலாக இயந்திரத்தில் இணைத்துப் பாதுகாக்கும் முறையைப் பற்றிய ஆய்வில் சேர்வதற்கானது இரண்டாவது. அண்ணி படிவத்தைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டார். "உயிருக்குப் போராடுகிறவரை வைத்தா சோதனை செய்வார்கள்?" என்று கேட்கிறார். எனக்கும் விடை தெரியவில்லை.

கத்தியைக் கையாளும் மருத்துவருக்கு ஆராய்ச்சி எதற்கு? மறுத்தால் சிகிச்சையில் குறை வருமா? மலையில் வசிக்கும் நாங்கள் அழைப்பு வந்ததும் இறங்கிவிட முடியுமா என்ற கவலையும் இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கூடலூர் பொது அறுவை மருத்துவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் மாற்று அறுவைச் சிகிச்சை செய்பவன் அல்லன். ஆயினும் மேற்படிப்பின்போது அத்தகைய பிரிவில் பணிபுரிந்திருக்கிறேன். உங்கள் அண்ணியின் கேள்வி நியாயமானது. அதற்கு முழுமையான விடையைப் பெற அவருக்கு உரிமை உண்டு.

உறுப்பை எடுத்துப் பொருத்தும் கைத்திறன் வெகுநாள்களுக்கு முன்பே வந்துவிட்டது. இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை வகுத்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெல் 1912-லேயே நோபல் பரிசு பெற்றார். அப்படியிருந்தும் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுக்கு 1954 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே செய்த அந்தச் சிகிச்சையும், கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர் என்பதால், உடல் புதிய உறுப்பை ஏற்க மறுக்காமல் நிலைத்தது. இரட்டையர் அல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்பதற்குக் கத்தியிடம் விடை இல்லை. 1963-ல் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் மனிதருக்கு முதன்முதலாகக் கல்லீரலை மாற்றினார். அந்தக் குழந்தை அறுவைக் கூடத்திலேயே இரத்தப்போக்கால் இறந்தது. அடுத்து வந்த நோயாளிகளும் சில வாரங்களுக்கு மேல் வாழவில்லை. அவர் சிகிச்சையை நிறுத்திவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். 1967-ல் மீண்டும் தொடங்கியபோது ஒரு குழந்தை ஓர் ஆண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் ஆராய்ச்சி இல்லையென்றால் அந்தக் குழந்தைக்கு அந்த ஓர் ஆண்டும் கிடைத்திருக்காது.

உடல் புதிய உறுப்பை ஏற்க மறுப்பதைத் தடுக்கும் மருந்துகளின் வரலாறும் இத்தகையதே. நார்வே நாட்டின் ஒரு மலை மேட்டுநிலத்தில் அள்ளிய மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. அது நோயெதிர்ப்பை அடக்குகிறது என்பதை சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1970-களில் கண்டறிந்தார்கள். அதை விலங்குகளில் சோதித்துப் பார்த்து, 1978-ல் நோயாளிகளுக்குக் கொடுக்கத் துணிந்த கேம்பிரிட்ஜின் ராய் கால்ன் ஓர் அறுவை மருத்துவர். உங்கள் அண்ணன் பின்னாளில் நாள்தோறும் உட்கொள்ளப்போவது பெரும்பாலும் டாக்ரோலிமஸ் என்ற மாத்திரையாக இருக்கும். அது 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. அதையும் மனிதர்களுக்கு முதலில் கொடுத்தவர் ஸ்டார்சல்தான். இந்தத் துறையில் அறுவைக் கூடமும் ஆய்வுக்கூடமும் ஒருவர் கையிலேயே இருந்துவந்திருக்கின்றன. எது தோற்றது, எங்கே தோற்றது என்பதை முதலில் பார்ப்பவர் அறுவை மருத்துவர் என்பதே இதற்குக் காரணம்.

நம் நாட்டில் 1971-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றி பெற்றது. கல்லீரலில் முதல் வெற்றி 1998-ல் டெல்லியில் கிடைத்தது. பெற்றுக்கொண்ட குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது, வளர்ந்து மருத்துவராகவே ஆகிவிட்டது. இதை உங்கள் அண்ணியிடம் அவசியம் சொல்லுங்கள்.

இனி படிவங்களுக்கு வருவோம். முதல் படிவத்தில் தயங்குவதற்கு ஏதுமில்லை. அகற்றிய கல்லீரலை எப்படியும் நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்பத்தான் செய்வார்கள். ஸ்கேனில் தென்படாத சிறு புற்றுநோய்க் கட்டிகள் சில சமயம் அப்போதுதான் வெளிப்படும். அதில் ஒரு துண்டைச் சேமித்து வைப்பதால் உங்கள் அண்ணனுக்கு எந்த இழப்பும் இல்லை.

இரண்டாவது படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். உடல் வெப்பநிலையில் இரத்தம் பாய்ச்சிக் கல்லீரலை உயிர்ப்புடன் வைத்திருக்கும் இயந்திரத்தை ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கினார்கள்; 2013-ல் லண்டனில் முதன்முதலாக மனிதருக்குப் பயன்பட்டது. ஐரோப்பாவில் 220 மாற்றுச் சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. பனிக்கட்டியில் வைத்தவற்றைவிட இயந்திரத்தில் வைத்தவற்றில் கல்லீரல் சேதம் பாதியாகக் குறைந்திருந்தது, பயன்படாது என்று ஒதுக்கப்பட்ட கல்லீரல்களும் பாதியாகக் குறைந்திருந்தன. குளிர்ந்த நிலையில் உயிர்வளி (ஆக்சிஜன்) செலுத்தும் இன்னொரு முறையை நெதர்லாந்தில் ஆராய்ந்தவர்கள், பித்தநாளச் சுருக்கம் 18 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்ததை 2021-ல் வெளியிட்டார்கள். ஆகவே உங்கள் அண்ணனுக்கு முன்வைக்கப்படுவது எவரும் அறியாத முறை அன்று. இங்குள்ள நோயாளிகளிடமும் இங்குள்ள செலவிலும் அதே பலன் கிடைக்குமா என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி, அதை இங்கேதான் ஆராய முடியும்.

மறுத்தால் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது என்பது விதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. கையெழுத்திட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காத்திருப்போர் பட்டியலில் உங்கள் இடம் இந்தக் கையெழுத்தைப் பொறுத்தது அன்று. அறநெறிக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, ஆய்வு தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் செலவை யார் ஏற்பார்கள், இயந்திரத்தைத் தயாரிக்கும் நிறுவனம் ஆய்வுக்குப் பணம் கொடுக்கிறதா என்று கேளுங்கள். நல்ல ஆராய்ச்சியாளர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

மறுமொழி: குன்னூர், ஓய்வு பெற்ற அறுவைக்கூடச் செவிலியர்

டாக்டர் ஐயா வரலாற்றை விரிவாகச் சொல்லிவிட்டார். பணிக்காலத்தின் பெரும்பகுதியை இத்தகைய அறுவைக் கூடத்தில் கழித்தவள் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

கொடையாக வரும் கல்லீரலைப் பனித்துகள் நிறைந்த பாத்திரத்தில் வைத்துத் தனி மேசையில் சீர்செய்வார்கள். அப்போது அது வெளிறிப்போய், பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவாக்கிய கரைசல் வந்த பிறகே, கல்லீரலைப் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும் அப்படி வைத்திருக்க முடிந்தது. நோயுற்ற கல்லீரலை அகற்றிய பிறகு, நோயாளி கல்லீரலே இல்லாமல் இருக்கும் நேரம் ஒன்று உண்டு. கூடத்தில் தேவையில்லாமல் எவரும் பேச மாட்டார்கள். பெரிய சிரைகளைத் தைத்து முடித்துக் கவ்விகளை விடுவித்ததும், அந்த வெளிறிய கல்லீரல் விளிம்பிலிருந்து மெல்லச் சிவந்து வரும். பிறகு கல்லீரல் தமனியைக் கண்ணில் உருப்பெருக்கி அணிந்து, தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைப்பார்கள். வெட்டிய பித்தநாளத்தின் நுனியில் பொன்னிறத்தில் பித்தம் துளிர்ப்பதைப் பார்த்த பிறகுதான் தலைமை மருத்துவர் தோளைத் தளர்த்துவார்.

இதில் கவலை எங்கே இருக்கிறது என்றால், சில கல்லீரல்கள் பார்வைக்கு நன்றாக இருந்தும் பொருத்திய பின் வேலை செய்வதில்லை. பனிக்கட்டியில் இருக்கும் கல்லீரல் தன் நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. உடல் வெப்பநிலை இயந்திரத்தில் இருக்கும் கல்லீரலோ பித்தம் சுரக்கிறதா, இரத்தத்தில் சேரும் அமிலத்தைக் குறைக்கிறதா என்பதைப் பொருத்துவதற்கு முன்பே காட்டிவிடும். அந்த வகை இயந்திரம் கிடைத்தால் உங்கள் அண்ணனுக்கு இது நேரடியான நன்மை.

டாக்டர் ஐயாவின் கேள்விகளோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: நள்ளிரவில் அந்த இயந்திரத்தின் அருகில் யார் இருப்பார்கள்? குளிர்நிலை இயந்திரம் பழுதானால் கல்லீரல் பனிக்கட்டி முறைக்கே திரும்பிவிடும், பெரிய கேடில்லை. உடல் வெப்பநிலை இயந்திரம் நின்றால் சூடான கல்லீரல் இரத்தமின்றித் தவிக்கும், நிமிடங்கள் முக்கியம். பயிற்சி பெற்ற ஆள் இமை கொட்டாமல் உடன் இருக்கும் இடத்தில் மட்டுமே நான் சம்மதிப்பேன். உங்கள் மருத்துவமனையில் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுமொழி: உதகையிலிருந்து, கல்லீரல் பெற்றவர்

சகோதரி, எனக்கு என் மனைவி கல்லீரலின் வலப்பகுதியைக் கொடுத்தார். கொடுத்தவரிடம் எஞ்சும் பகுதி மொத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று ஸ்கேனில் கணக்கிட்ட பிறகே மருத்துவர் சம்மதித்தார். அந்தக் கணக்கும் முன்பு எவரோ ஆராய்ச்சிக்கு உடன்பட்டதால் கிடைத்ததுதான் என்பதால், என் பழைய கல்லீரலை ஆய்வுக்குக் கொடுக்க நான் தயங்கவில்லை.

மலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம். தாமதமானால் கல்லீரல் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். சாதாரண நாள்களில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை நம்ப முடியாது. 2009 நவம்பரில் மண்சரிவால் சாலைகள் துண்டிக்கப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு மாதங்களும் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீட்டில் தங்கிவிடுவதே நல்லது. வண்டி ஓட்டுபவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத தோட்டத்தில் அண்ணன் இருந்தால், மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் வீட்டிலுள்ள இன்னும் இருவர் எண்களையும் கொடுத்துவிடுங்கள்.

மறுமொழி: கோத்தகிரி ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்தப் பக்கத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். காஞ்சிபுரத்துக் குழந்தை மருத்துவரானதைக் கேட்டதும் முதல் படிவத்தை அவரே எடுத்துவரச் சொன்னார். ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தோம். அங்கே இருப்பது குளிர்நிலை இயந்திரம் என்றும், யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவர் அல்லாமல் கணினிக் குலுக்கலே முடிவு செய்யும் என்றும் கூறினார். தமிழில் அச்சிட்ட விளக்கத்தாளைக் கேட்டிருக்கிறோம். அதைப் படித்த பின் இரண்டாவது படிவத்தைப் பற்றி அண்ணனே முடிவு செய்வார்.

இன்னும் ஒரு சந்தேகம். சிகிச்சைக்குப் பிறகு அண்ணன் தேயிலைத் தோட்டத்துக்குப் போகலாமா? அதைவிட்டு வீட்டில் இருக்க அவரால் முடியாது.

மறுமொழி: உதகையிலிருந்து, கல்லீரல் பெற்றவர்

போகலாம், ஆனால் உடனடியாக அன்று. தொடக்க மாதங்களில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தின் அளவு அதிகமாக இருக்கும். மண்ணிலும் மட்கிய இலையிலும் உள்ள பூஞ்சைகள் அப்போது எளிதில் தொற்றும். மருத்துவர் அனுமதித்த பின்பும் கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொண்டு மேற்பார்வை மட்டும் பார்க்கட்டும். கவ்வாத்து, உரக்குழி வேலை, பூச்சி மருந்து தெளிப்பு ஆகியவற்றை மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும். டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் சாப்பிட வேண்டும். இரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்கும் நாளில் மட்டும், இரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையைப் போட வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் காய்க்கும் பம்பளிமாஸ் பழத்தை அவர் தொடவே கூடாது, அது இரத்தத்தில் அந்த மருந்தின் அளவைக் கூட்டிவிடும். நாட்டு மருந்து எதுவானாலும், யார் சொன்னாலும், முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.